படமும் பொருளுரையும்: மாக்சிமிலியன் பேரரசரின் வெற்றிவாயிலில் குறியீட்டு மொழி

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து அரசர்கள் தம் புகழைக் கல்லிலும் வெண்கலத்திலும் மட்டுமன்றித் தாளிலும் நிலைநாட்ட முற்பட்டனர். மரக்கட்டையில் உருவத்தைச் செதுக்கி, மையிட்டுத் தாளில் ஒற்றியெடுக்கும் அச்சுப்படம் பதினைந்தாம் நூற்றாண்டில் அங்குப் பரவலாயிற்று. தொடக்கத்தில் இது புனிதர் உருவங்களுக்கும் சீட்டாட்டச் சீட்டுகளுக்கும் பயன்பட்ட எளிய கலை. அதனைப் பேரரசின் புகழ்பாடும் கருவியாக முழு அளவில் கையாண்டவர் புனித ரோமப் பேரரசின் முதலாம் மாக்சிமிலியன் (1459-1519) ஆவார். அவர்பொருட்டு உருவான அச்சுப்படங்களுள் தலையாயது 1515 என்னும் ஆண்டைத் தாங்கியதும் 1517-18இல் அச்சேறியதுமான வெற்றிவாயில். 190க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைக் கொண்டு 36 பெருந்தாள்களில் அச்சிடப்பட்ட இப்படம், தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் பொருத்துமிடத்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் உடையதாகும்.

கலை வரலாற்றார் இப்படத்தை அதன் பரப்புக்காகவும், ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் பேரோவியரின் பங்களிப்புக்காகவும் போற்றுவர். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்திற்கொள்ள வேண்டிய பகுதி வேறு. வாயிலின் உச்சியில் சிறு மாடம் ஒன்று உண்டு. அதனுள் பேரரசர் அமர்ந்திருக்க, அவரைச் சூழ விலங்குகளும் பறவைகளும் காட்சியளிக்கின்றன. இவை அணியழகுக்காக வரையப்பட்டவை அல்ல. ஒரு முழு வாக்கியமாகப் படிக்கத்தக்க எழுத்துகள் என்று இதனை அமைத்தவர்கள் கருதினர். எந்நாட்டு அறிஞரும் மொழிபெயர்ப்பு இன்றியே உணரத்தக்க எழுத்துமுறை என்றும் நம்பினர். அம்மாடம் மொழிபெயர்ப்பின்மேல் மொழிபெயர்ப்பாக உருவானது என்பதையும், சொல்லின் துணையின்றி அதனால் ஒன்றையும் கூற இயலவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தாளில் எழுந்த வாயில்

பண்டை ரோமப் பேரரசர்கள் போரில் வென்று திரும்புங்கால் கல்லாலான வெற்றிவாயில்களை எழுப்பினர். மாக்சிமிலியனுக்கு அதற்கான பொருள்வளம் இல்லை. முடிசூட்டு விழாவுக்காக ரோம் நகர் செல்லும் வழியை வெனிசு அரசு மறித்தமையால், 1508இல் ட்ரெண்ட் நகரிலேயே 'தேர்ந்தெடுக்கப்பட்ட பேரரசர்' என்னும் பட்டத்தை ஏற்க நேர்ந்தவர் அவர். தலைநகர் என ஒன்றில் நிலைத்திராமல் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த அரசவை அவருடையது. கல்வாயில் ஓரிடத்தில் மட்டுமே நிற்கும். தாள்வாயிலோ பல நகரங்களின் மன்றங்களிலும் சிற்றரசர் மாளிகைகளிலும் ஒரே காலத்தில் நிற்கும். முதற்பதிப்பில் ஏறத்தாழ 700 படிகள் அச்சிடப்பட்டன என்பர். பணமுடையும் அரசியல் கூர்மையும் இங்கு ஒருங்கே செயற்பட்டன.

வாயிலின் திட்டத்தை வகுத்தவர் அரசவை வரலாற்றாசிரியரும் கணித அறிஞருமான யோகன்னஸ் ஸ்டாபியஸ். கட்டட அமைப்பின் மூல வரைவு இன்சுபுரூக் அரசவை ஓவியர் யோர்க் கோல்டரருடையது. டியூரரின் பொறுப்பில் ஸ்பிரிங்கின்கிளே, வொல்ஃப் டிராவுட் ஆகியோர் வரைந்தனர். இரு பக்கக் கோபுரங்கள் ஆல்ட்டோர்ஃபருடையவை. கட்டைகளைச் செதுக்கியவர் நூரம்பெர்க் நகரத்து ஹிரோனிமஸ் ஆந்திரே. படத்தின் வலப்புற அடியில் மூன்று குலச்சின்னங்கள் உள்ளன: ஸ்டாபியசுடையது முதலாவது, கோல்டரருடையது அடுத்தது, டியூரருடையது இறுதியானது. சொல்லை அமைத்தவருக்கு முதலிடமும் உருவத்தை வரைந்தவருக்குக் கடையிடமும் தந்த இவ்வரிசை, அக்காலத்தார் இப்படைப்பை எவ்வாறு மதித்தனர் என்பதைத் தெளிவாக்குகிறது. இக்காலத்தில் ஓவியர் பெயராலேயே இதனை அறிகிறோம்.

மூன்று நுழைவாயில்களுள் நடுவில் உள்ளது மதிப்பும் ஆற்றலும் குறிப்பது. மற்றவை புகழ், உயர்குடிப் பிறப்பு ஆகியவற்றின் வாயில்கள். நடுவாயிலின்மேல் அரசரின் வழிமுறை மரமாக எழுகிறது. அதன் அடியில் டிராய், சிக்காம்பிரியா, பிரான்சியா ஆகிய நாடுகள் பெண்ணுருவில் அமர்ந்துள்ளன. டிராய் நகரப் போரில் தப்பியோர் வழியாகத் தம் குலம் வந்ததெனக் காட்டுவது அக்கால அரசகுலங்கள் பலவற்றின் வழக்கம். போர், திருமணம், உடன்படிக்கை ஆகியவற்றைக் காட்டும் வரலாற்றுக் காட்சிகள் பக்கவாயில்களின்மேல் அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் செய்யுள் உண்டு. படத்தின் அடிவரிசை முழுதும் ஸ்டாபியஸ் எழுதிய செருமானிய விளக்கவுரை ஐந்து பத்திகளில் நிறைந்துள்ளது. படம் என்று நாம் அழைக்கும் இது பெரும்பகுதி எழுத்து என்பதை மறத்தலாகாது.

எகிப்திய எழுத்துப் பற்றிய நம்பிக்கை

உச்சி மாடத்தின் பின்னணியை அறிய இத்தாலிக்குச் செல்லுதல் வேண்டும். லியோன் பத்தீஸ்தா ஆல்பெர்த்தி கட்டடக்கலை பற்றி எழுதி 1485இல் அச்சான நூலில், எகிப்தியரின் உருவ எழுத்தைச் சிறப்பித்துப் பேசுகிறார். எட்ருஸ்கர் கல்லறைகளில் பொறித்த எழுத்துகளைப் பிற்காலத்தார் படிக்க இயலவில்லை. ஒலியெழுத்துகள் அவ்வாறே மறையும். எகிப்தியரின் உருவங்களையோ எக்காலத்து அறிஞரும் உணர்வர் என்பது அவர் கருத்து. மார்சீலியோ ஃபிச்சீனோ 1492இல் வெளியிட்ட புளோட்டினசின் இலத்தீன் மொழிபெயர்ப்பு இந்நம்பிக்கைக்கு மெய்யியல் அடித்தளம் இட்டது. சொற்களின் வரிசையில் படிப்படியாக விரியும் அறிவைவிட, ஓர் உருவில் ஒருசேரத் தோன்றும் அறிவு உயர்ந்தது என்னும் எண்ணம் கற்றோரிடையே பரவிற்று.

இந்நம்பிக்கைக்கு ஒரு நூல் சான்றாகக் கிடைத்தது. ஹோராப்போலோ என்பார் பெயரால் வழங்கும் 'ஹைரோகிளிஃபிகா' என்னும் கிரேக்க நூலின் கையெழுத்துப்படி 1419இல் ஆந்த்ரோஸ் தீவில் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் ஃபிளாரன்சு சென்றது. வெனிசு நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1505இல் அதனை அச்சிட்டார். இரு பகுதிகளைக் கொண்ட இந்நூல், எகிப்தியர் இன்ன பொருளைக் குறிக்க இன்ன உருவத்தை வரைந்தனர் என்றும், அதற்குக் காரணம் இன்னது என்றும் சுருங்கக் கூறிச் செல்வது. எகிப்திய மொழியில் இயற்றப்பட்டதைப் பிலிப்பஸ் என்பவர் கிரேக்கமாக்கினார் என நூலின் முகப்பே கூறுகிறது. இது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினதாகலாம் என்பர். காலம் அறியப்பட்ட எகிப்திய உருவ எழுத்துக் கல்வெட்டுகளுள் இறுதியானது ஃபிலே தீவுக் கோயிலில் கி.பி. 394இல் பொறிக்கப்பட்டது. எழுத்தறிவு அற்றுக்கொண்டிருந்த நாளில், கேள்வியறிவாக எஞ்சியதைத் தொகுத்த நூல் இது எனல் பொருந்தும்.

நூரம்பெர்க் நகரத்துச் செல்வரும் கிரேக்கம் கற்றவரும் டியூரரின் நெருங்கிய நண்பருமான வில்லிபால்ட் பிர்க்ஹைமர் இதனை இலத்தீனில் பெயர்த்து, டியூரர் வரைந்த படங்களுடன் 1514இல் லின்சு நகரில் பேரரசரிடம் அளித்தார். வேட்டையிலும் போரிலும் நாட்டங்கொண்ட அரசர் தம் குலத்தின் பழமை பற்றிய எதனையும் ஆர்வத்துடன் ஏற்பவர். அன்னியஸ் என்னும் வித்தெர்போ நகரத்துத் துறவி 1498இல் வெளியிட்ட போலித் தொகுப்பு ஒன்று, எகிப்தின் ஓசிரிசும் அவன் மகன் ஹெர்க்குலிசும் ஐரோப்பா எங்கும் ஆண்டனர் எனக் கதை கட்டியிருந்தது. உச்சி மாடத்தை ஓசிரிஸ் மன்னனிடமிருந்து வந்த பழைய எகிப்திய எழுத்துகளின் மறைபொருளாகவே ஸ்டாபியஸ் அறிமுகப்படுத்துகிறார். எகிப்திய எழுத்து மாக்சிமிலியனுக்கு ஒரு வகையில் குடும்பச் சொத்தாயிற்று.

கைமாறிய பொருள்

மாடத்தின் பொருள் கடந்துவந்த வழியை வரிசைப்படுத்தின், எகிப்தியத்திலிருந்து கிரேக்கம், கிரேக்கத்திலிருந்து இலத்தீன், இலத்தீனிலிருந்து உருவம், உருவத்திலிருந்து செருமானிய உரை என நான்கு பெயர்ப்புகள் ஆகும். முதலாவது பெயர்ப்பு எவ்வளவு உண்மை என்பது ஐயத்திற்கு உரியது. ஏனைய மூன்றும் சில ஆண்டுகளுக்குள், ஒருவரையொருவர் அறிந்த மூவரிடையே நிகழ்ந்தவை.

இவ்வரிசையில் கவனிக்கத்தக்கது ஒன்று. உருவத்தைக் கண்டு உரை எழுதப்பட்டதாகப் படம் பாவனை செய்கிறது. உண்மையில் நிகழ்ந்தது தலைகீழ். இம்மாடத்தின் மூலத்தை ஹோராப்போலோவில் கண்டு நிறுவியவர் கார்ல் கீலோ. அவர் மறைவுக்குப்பின் 1915இல் வெளியான அவ்வாய்வும், அதனைப் பின்பற்றி எர்வின் பனோஃப்ஸ்கி எழுதியனவும், புகழுரை முதலில் சொல்லாக அமைந்து, அச்சொற்களுக்குரிய குறிகள் பின்னர் நூலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டமையைப் புலப்படுத்துகின்றன. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாத மொழியில் வாக்கியம் அமைப்பவனின் செயல் இது. சொல்லுக்குச் சொல் கிடைக்கும்; இலக்கணம் கிடைக்காது.

மாடத்தில் உள்ள குறிகள்

பேரரசரின் உருவம் தன் பெயராகவே நிற்கிறது. முடியின்மேல் உள்ள விண்மீன் இறைப்பற்றைக் குறிக்கும். ஹோராப்போலோ விண்மீனுக்குக் கடவுள் என்னும் பொருளைக் கூறுகிறார். முடியில் உள்ள பசிலிஸ்க் என்னும் பாம்பு அழியாப் புகழ். இதற்கு மட்டும் எகிப்திய மண்ணில் உண்மையான வேர் உண்டு. பாரோக்களின் முடியில் படமெடுத்த நாகம் இருந்தமையைச் சிற்பங்கள் காட்டுகின்றன. பாம்பை ஊராயோன் என எகிப்தியர் அழைத்தனர் என்று ஹோராப்போலோவும் குறிக்கிறார்.

அரசர் அமர்ந்திருப்பது அரியணையில் அன்று. பாப்பிரஸ் கோரைக் கட்டின்மேல் ஆகும். இது தொன்மையான குலத்தைக் குறிக்கும். கோரை மனிதரின் முதல் உணவு. உணவின் தொடக்கத்தையும் பிறப்பின் தொடக்கத்தையும் எவரும் கண்டிலர் என்பது நூல் தரும் காரணம். டிராய் நகரையும் அதற்கு அப்பாலும் தம் முன்னோரைத் தேடிய ஓர் அரசருக்கு இதனினும் ஏற்ற இருக்கை இல்லை எனலாம். எழுதுவதற்கான தாளாகவும் பாப்பிரஸ் பயன்பட்டது என்பதை நினைப்போர்க்கு, தாளில் அமைந்த பேரரசின் தலைவர் தாட்செடியின்மேல் அமர்ந்திருப்பது சிறு புன்னகையை வருவிக்கும். அமைத்தவர்கள் அதனைக் கருதினர் எனக் கொள்ளச் சான்றில்லை.

ஆடை போர்த்திய நாய் இம்மாடத்தின் வியப்புக்குரிய குறி. ஹோராப்போலோவில் நாய் பல பொருள் தரும் குறி. அதனருகே அரச உடையைச் சேர்க்குமிடத்து ஆட்சிப் பொறுப்பாளன் அல்லது நீதிபதி என்னும் பொருள் பிறக்கும். நாய் தெய்வ உருவங்களை உற்றுநோக்குவதுபோல், பண்டை நீதிபதியும் அரசனை நேருக்கு நேர் நோக்கினான் என்பது காரணம். கிரேக்க மூலத்தில் அரசனை நோக்கும் அதிகாரியாக நின்றது, ஸ்டாபியசின் உரையில் அரசனாகவே உயர்ந்துவிட்டது. இச்சிறு பொருள்மாற்றத்தை ஓவியத்தைக் கொண்டு எவரும் அறிய இயலாது. உரைகளை ஒப்பிட்டால் மட்டுமே புலனாகும். மொழிபெயர்ப்பில் பொருள் நழுவும் இடங்கள் பெரும்பாலும் இத்தகையவை: சொல் பொருத்தமானதாகவே தோன்றும், அது சுட்டும் ஆள் மாறியிருப்பான்.

சிங்கம் வலிமையையும், காளை தன்னடக்கம் கலந்த வீரத்தையும் குறிப்பன. இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வானினின்று சொரியும் பனி கல்வியைக் குறிக்கும் என்பது அழகிய குறி. பனி எல்லாச் செடிகள்மேலும் ஒருபடியாகவே விழும். நெகிழும் இயல்புடையவை நெகிழும், வன்மையானவை அவ்வாறே இருக்கும். கல்வியும் அத்தகையது என்கிறது நூல். ஸ்டாபியஸ் இதனைப் பேரரசரின் கலையறிவாகவும் இயற்கை நலன்களாகவும் விரித்துரைக்கிறார். மாணவரிடையே உள்ள வேறுபாட்டைக் கூறவந்த உவமை, அரசரின் பெருமையைக் கூறுவதாகக் குறுகிவிட்டது.

செங்கோலைச் சுற்றிய பாம்பு உலகின் பெரும்பகுதியை ஆள்பவர் என்னும் பொருளது. உலகு முழுதும் ஆள்பவனுக்கு முழுப்பாம்பையும், ஒரு பகுதியை ஆள்பவனுக்குப் பாதிப் பாம்பையும் எகிப்தியர் வரைந்தனர் என ஹோராப்போலோ வேறுபடுத்துகிறார். 'பெரும்பகுதி' என்னும் வாசகத்தைத் தேர்ந்தமை, புகழுரையிலும் எல்லை கடவாமையைக் காட்டுகிறது. அரசரின் எதிரிகளும் இப்படத்தைக் காண்பர் என்பதை ஸ்டாபியஸ் மறந்தாரில்லை.

உருண்டையின்மேல் உள்ள வல்லூறு வெற்றி. காலைத் தூக்கி நிற்கும் நாரை பகைவர் சூழ்ச்சிக்கு எதிரான விழிப்பு. நீரில் உடலின்றி நடக்கும் இரு பாதங்கள், மாந்தர் இயலாது எனக் கருதிய செயல். இவற்றோடு பாம்பின்மேல் நிற்கும் சேவலும் உண்டு. அதனைத் தனியே நோக்கவேண்டும். இக்குறிகளை எல்லாம் தொடுத்து ஸ்டாபியஸ் தரும் வாக்கியத்தின் சாரம்: இறைப்பற்றும் வலிமையும் தொன்மைக் குலமும் கல்வியும் உடைய பேரரசர், வலிமைமிக்க ஓர் அரசனை வென்று, அவன் சூழ்ச்சியினின்று தம்மைக் காத்துக்கொண்டார், இஃது இயலாததென உலகம் எண்ணியிருந்தது.

இவ்வாக்கியத்தின் இலக்கணம் படத்தில் எங்குள்ளது? எந்தக் குறியை முதலில் படிப்பது என்பதற்கு விதி இல்லை. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை உணர்த்தும் வேற்றுமையுருபு இல்லை. வென்றார், வெல்கிறார், வெல்வார் என்னும் காலப் பாகுபாடு இல்லை. இயலாமையைக் குறிக்கும் பாதங்கள் பேரரசரின் செயலைத் தழுவுமா, பகைவனின் முயற்சியைத் தழுவுமா என்பதும் தெளிவில்லை. ஸ்டாபியசின் உரையை மறைத்துவிட்டுப் படிப்பின், சேவல் வென்றது, பேரரசர் விழித்திருந்தும் பயனில்லை என்று எதிர்ப்பொருள் கொள்வதற்கும் தடையில்லை. அவ்வாறு படிக்கக் காரணமும் இருந்தது: வாயில் தாங்கிய ஆண்டாகிய 1515இன் செப்டம்பரில் பிரான்சு மன்னன் முதலாம் ஃபிரான்சுவா மரிஞானோவில் வென்று மிலான் நகரைக் கைப்பற்றினான்.

சேவலும் ஒலியொப்புமையும்

சேவல் ஏன் பிரான்சு மன்னனைக் குறிக்கிறது? ஹோராப்போலோவில் இதற்கு விடை இல்லை. இலத்தீனில் 'கல்லஸ்' என்னும் ஒரே சொல் சேவலையும் கால் நாட்டானையும் குறிக்கும். கால் நாடு பிரான்சின் பழம்பெயர். பாம்பு வலிமைமிக்க அரசனுக்கு ஹோராப்போலோ கூறும் குறி. எனவே பாம்பின்மேல் சேவல் நின்றால் 'கால் நாட்டு வலிய அரசன்' என்றாகும். பெயரும் அடையும் போல இரண்டும் இணைகின்றன. இது சிலேடை. செருமானியத்தில் 'ஹான்' என்னும் சேவற்பெயருக்கு இந்த இரட்டைப் பொருள் இல்லை. மொழி கடந்த எழுத்து என்று முன்வைக்கப்பட்ட வாக்கியத்தின் நடுவில், இலத்தீன் அறியாதவனுக்குத் திறவாத பூட்டு ஒன்று அமைந்துவிட்டது. தமிழ் வாசகர் முன் இப்படத்தை வைத்தால், சேவல் முருகன் கொடியையே முதலில் நினைவூட்டும். பகைவனாக எவரும் அதனைக் கொள்ளார்.

இவ்விடத்தில் எழுத்து வரலாறு ஒரு முரணைக் காட்டுகிறது. ழான் ஃபிரான்சுவா ஷாம்போலியன் 1822இல் எகிப்திய எழுத்தின் திறவுகோலைக் கண்டறிந்தபின், அதன் குறிகளுள் பெரும்பாலானவை ஒலியைக் குறிப்பவை எனத் தெளிவாயிற்று. ஹோராப்போலோ மகன் என்பதற்கு வாத்தைக் கூறி, அப்பறவை தன் குஞ்சுகளிடம் கொண்ட பேரன்பைக் காரணமாகக் காட்டுகிறார். குறியும் பொருளும் சரி, காரணம் பிழை. எகிப்தியத்தில் அவ்வாத்தின் பெயரும் மகன் என்னும் சொல்லும் ஒரே மெய்யொலிகளைக் கொண்டவை. முயல் திறத்தலைக் குறிப்பது அதன் கண்கள் எப்போதும் திறந்திருப்பதால் அன்று. முயற்குறியின் ஒலியும் திறத்தல் என்னும் சொல்லின் ஒலியும் ஒன்றாயிருந்ததாலாகும். கழுகு தாயைக் குறிப்பதற்கு, அவ்வினத்தில் ஆண் இல்லை என்னும் காரணமும் அவ்வாறு பிற்காலத்தில் கற்பிக்கப்பட்டதே. ஒலியொப்புமை மறந்துபோன நிலையில் அதன் இடத்தை உவமை நிரப்பிக்கொண்டது.

மாடத்தின் குறிகளுள் ஹோராப்போலோவிலிருந்து வந்தவை யாவும் உவமை வழியில் இயங்குகின்றன. நூலில் இல்லாத சேவல் மட்டும் ஒலியொப்புமையால் இயங்குகிறது. எகிப்திய எழுத்து எவ்வாறு செயற்பட்டதோ அவ்வாறு செயற்படும் குறி அவ்வாக்கியத்தில் அதுவே. அமைத்தவர்கள் அதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வுண்மை தமிழ்க் கலைச்சொல் ஒன்றையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. எகிப்திய எழுத்தைச் 'சித்திர எழுத்து' எனத் தமிழில் எழுதுதல் பெருவழக்கு. கிரேக்கச் சொல்லின் பொருள் புனிதச் செதுக்கு என்பதே. அதில் சித்திரம் இல்லை. சித்திர எழுத்து என்னும் பெயர், படங்கள் தாமே பொருளைக் காட்டும் என்னும் மறுமலர்ச்சிக்கால நம்பிக்கையை அறியாமலே ஏற்றுக்கொள்கிறது. ஆல்பெர்த்தி, பிர்க்ஹைமர் ஆகியோரின் நூல்களைப் பெயர்க்கும்போது அச்சொல் பொருந்தும். ஷாம்போலியனுக்குப் பிற்பட்ட ஆய்வுகளைப் பெயர்க்கும்போது 'எகிப்தியத் திருவெழுத்து' போன்ற ஒன்றையோ, 'ஹைரோகிளிஃப்' என்னும் ஒலிபெயர்ப்பையோ கையாளுதல் நன்று.

பெயர் தாங்கிய தேர்

குறிகளை மட்டும் நம்பியிருத்தல் இயலாது என்பதை இக்குழுவினரே பின்னர் உணர்ந்தனர் எனத் தோன்றுகிறது. மாக்சிமிலியன் மறைந்தபின் 1522இல் டியூரர் தம் செலவில் வெளியிட்ட 'பெருந்தேர்' எட்டுக் கட்டைகளில் அமைந்தது, திட்டம் பிர்க்ஹைமருடையது. பேரரசர் தேரில் அமர்ந்திருக்க, நற்பண்புகள் பெண்ணுருவில் முடிசூட்டுகின்றன. அறிவு தேரைச் செலுத்துகிறது. இங்கு எதுவும் ஊகத்திற்கு விடப்படவில்லை. ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் அதன் பெயர் இலத்தீனில் எழுதப்பட்டுள்ளது. சக்கரங்கள் பெருந்தன்மை, மாண்பு, மதிப்பு, புகழ் ஆகிய பெயர்களைத் தாங்குகின்றன. கடிவாளங்களுக்கும் பெயர் உண்டு. விண்ணில் கதிரவன் எத்தகையவனோ மண்ணில் பேரரசன் அத்தகையவன் என்னும் கருத்தும் தேரின் விதானத்தில் எழுத்தாகவே அமைந்துள்ளது. விளக்கவுரை முதலில் செருமானியத்திலும் 1523இல் இலத்தீனிலும் வெளிவந்தது. கட்டைகள் மாறவில்லை, உரையின் மொழி மாறியதும் படத்தைப் படிப்போர் வட்டம் மாறிற்று: முன்னது நகரத்து வணிகர்க்கும் கைவினைஞர்க்கும், பின்னது ஐரோப்பாவெங்கும் பரவிய கற்றோர்க்கும் உரியது.

எழுத்தில்லாப் பலகைகள்

இதற்கு மறுதலையான நிலையை 'வெற்றி ஊர்வலம்' காட்டுகிறது. 1512இல் பேரரசர் தம் செயலர் மார்க்ஸ் டிரைட்சௌர்வைனிடம் வாய்மொழியாகக் கூறி எழுதுவித்த திட்டத்தின்படி, ஹான்ஸ் புர்க்மையர் முதலியோர் வரைந்த 130க்கும் மேற்பட்ட கட்டைகள் வரிசையாக இணைந்தால் நீளம் 50 மீட்டரைத் தாண்டும். ஊர்வலத்தில் செல்வோர் ஏந்தும் பலகைகளில் செய்யுட்கள் பொறிக்கப்பட வேண்டுமென்பது திட்டம். அரசர் 1519இல் மறைந்தார். அவர் பேரன் ஃபெர்டினாண்ட் 1526இல் வெளியிட்டபோது, பலகைகள் எழுத்தின்றியே அச்சாயின.

ஊர்வலத்தின் இறுதிப்பகுதியில் இந்தியாவுடன் தொடர்புடைய காட்சி ஒன்று உண்டு. யானை ஒன்று வருகிறது; அரையாடை உடுத்தோரும், இறகுமுடியும் இறகாடையும் அணிந்தோரும், கிளியும் குரங்கும் உடன்வருகின்றன. அரசர் கூறிய உரை இவர்களைக் 'கலிக்கூட் மக்கள்' எனப் பெயரிட்டு, அவருடைய குடும்பத்து முடிகளின் ஆட்சிக்கு உட்பட்டோராகக் காட்டுகிறது. 1498இல் வாஸ்கோ ட காமா கரையிறங்கிய கோழிக்கோடே இப்பெயரின் மூலம். போர்ச்சுகல் மன்னன் மனுவேல் மாக்சிமிலியனின் தாய்வழி உறவினன். இருவரும் மைத்துனர் முறையினர். அவ்வுறவைத் தவிர மலபார் கடற்கரையுடன் பேரரசருக்கு ஆட்சித் தொடர்பு ஏதும் இல்லை. போர்ச்சுகீசியருக்கும் கோழிக்கோடு அடங்கிய நாடாக இருக்கவில்லை. சாமூதிரி மன்னருடன் அவர்கள் ஆண்டுக்கணக்கில் போரிட்டுவந்தனர்.

புர்க்மையர் அறியாமையால் மட்டும் இவ்வாறு வரைந்தார் எனல் பொருந்தாது. பல்தசார் ஸ்பிரிங்கரின் 1505-06ஆம் ஆண்டுகளின் இந்தியப் பயணத்தையொட்டி, கொச்சி மன்னனின் பவனி உள்ளிட்ட ஆப்பிரிக்க, இந்திய மக்களின் படங்களை 1508இல் வரைந்தவர் அவரே. இறகாடையோ பிரேசில் நாட்டு மக்கள் பற்றிய செய்திகளிலிருந்து வந்தது. இரு கண்டத்தாரும் ஒரே கூட்டத்தில் நடக்கின்றனர். தொலைவு என்னும் ஒன்றே இங்குக் குறிக்கப்படும் பொருள். யார் என்பது பொருட்டன்று. பேரரசரின் கை எவ்வளவு தொலைவு நீளும் எனக் காட்டுவதற்கு அடையாளம் குழம்பிய கூட்டமே போதுமானதாயிற்று. பலகையில் எழுத்தின்மையால், 1526இல் படத்தை மட்டும் கண்டவர்க்கு இவர்கள் அடிமைகளா, தூதரா, வேடிக்கை காட்டுவோரா என்பதும் தெரிந்திருக்க வழியில்லை. அடங்கியவர்கள் என்னும் கூற்று கையெழுத்துப்படியில் மட்டுமே தங்கிற்று.

இக்காட்சியின் பெயரைத் தமிழில் எழுதும் மொழிபெயர்ப்பாளர் முன் ஒரு தேர்வு உள்ளது. 'கோழிக்கோட்டு மக்கள்' என்பது இயல்பான, பிழையற்ற பெயர்ப்பாகத் தோன்றும். ஆயின் அச்சொல்லைப் படிக்கும் தமிழர் கண்முன் ஓர் உண்மையான ஊரும் அதன் கடைவீதியும் மொழியும் தோன்றும். இறகாடை அணிந்தோரைக் கண்டு அவர் திகைப்பார், அல்லது கோழிக்கோட்டார் ஒரு காலத்தில் அவ்வாறு உடுத்தனர் என நம்பிவிடுவார். டிரைட்சௌர்வைன் எழுதிய 'கலிக்கூட்' ஊரன்று. கப்பல் சென்று திரும்பிய தொலைநிலம் அனைத்திற்கும் அக்கால ஆக்ஸ்பர்க் நகரத்தார் வழங்கிய பெயர். 'கலிக்கூட் மக்கள்' என ஒலிபெயர்த்து, அச்சொல் அன்று சுட்டிய பரப்பை ஓர் அடிக்குறிப்பில் விளக்குதலே மூலத்திற்கு நெருங்கியது. கோழிக்கோடு என்னும் பெயரை அக்குறிப்பினுள் வைக்கலாம், தலைப்பில் வைத்தலாகாது.